இரண்டால் பெருக்கியிருக்க வேண்டும்

தவறான எண்களை, தவறு என்று தெரிந்தே, ஒரு மாநாட்டு மேடையில் வாசித்தேன். அன்று மதியம் அதே எண்களைப் பற்றி என் மாணவியிடம் ஒருவர் கேள்வி கேட்டார். பழியை அவள்மேல் போட்டேன். நான் செய்தது இதுதான். இனி வருவதெல்லாம் அது எப்படி நடந்தது என்ற விவரம். விவரம் குற்றத்தைக் குறைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று விடாமல் சொல்கிறேன். அன்று பாதியை மட்டும் சொல்லித்தான் தப்பித்தேன்.

நான் வேதியியல் ஆசிரியன். வடமேற்குத் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். குற்றம் அதனுடையது அல்ல. மாணவியின் பெயரையும் சொல்லமாட்டேன். ஒரு சபையில் அவளைத் தேவையில்லாமல் ஒருமுறை இழுத்துவிட்டேன். அதுவே அதிகம்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு புளோரைடில் வந்து நிற்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடிப்பாறை அப்படி. பாறையிலிருந்து புளோரைடு கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் சேர்கிறது. அதற்கு நிறம் கிடையாது. வாடை கிடையாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குழந்தைக்கு ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே வேலையைத் தொடங்கிவிடும். முளைத்த பல்லில் பழுப்புக் கறை ஏறும். அளவு மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகும். இந்தியாவில் இந்த நோய் மருத்துவ இதழில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியிலிருந்து. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரை ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கி வைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் புளோரைடுக்காகவே வந்தது. ஆனால் குழாய்த் தண்ணீர் முறைவைத்து வரும் ஊர்களில், வராத நாளுக்குப் போர்த் தண்ணீர்தான் கதி.

என் மாணவி அப்படியொரு ஊர்க்காரி. எம்.எஸ்சி. கடைசி ஆண்டு. தன் ஊரையும் சுற்றியுள்ள சில ஊர்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு போரிலும் புளோரைடு எவ்வளவு என்று அளந்து பார்க்கலாமா என்று கேட்டாள். தலைப்பு அவளுடையது. பஸ்ஸில் போய், பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, ஊர், தெரு, போரின் ஆழம், தேதி எல்லாம் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தவள் அவள். போர் போட்ட வண்டிக்காரரையே தேடிப்பிடித்து ஆழம் கேட்டுவந்தாள். அந்த ஊர்களில் ஒன்றில்கூட நான் கால் வைக்கவில்லை.

நான் செய்த ஒரே வேலை ஆய்வகத்தில். அந்த ஒரு வேலையில்தான் தவறு செய்தேன்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புளோரைடை அளக்க அதற்கென்று ஒரு மின்முனை உண்டு. தண்ணீரோடு சம அளவு பஃபர் கரைசலைக் கலந்து, மின்முனையை முக்கி, மீட்டரைப் பார்ப்போம். மீட்டர் காட்டும் எண்ணுக்கு எவ்வளவு புளோரைடு என்று தெரிய, முதலில் அளவு தெரிந்த கரைசல்களை வைத்து ஒரு வரைபடம் போடவேண்டும். அவற்றை ஸ்டாண்டர்டு என்போம். அந்த ஸ்டாண்டர்டுகளை நான் தயாரித்துக் கொடுத்தேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பஃபரையும் முன்கூட்டியே அவற்றில் சேர்த்துவிட்டேன். சேர்த்தபின் இருக்கும் அளவையே பாட்டிலில் எழுதினேன். பஃபர் சேர்த்தாயிற்று என்பதை மட்டும் எழுதவில்லை. அவளிடம் வாயாலும் சொல்லவில்லை.

அவள் ஊர்த் தண்ணீரில் பாதிக்குப் பாதி பஃபர் கலந்தாள். கலந்ததும் அதிலுள்ள புளோரைடின் அளவு பாதியாகிவிடும். ஸ்டாண்டர்டுகளும் அதேபோல் கலக்கப்பட்டிருந்தால் கணக்கு நேராக வரும். என் ஸ்டாண்டர்டுகள் அப்படி இல்லை. ஆகவே கிடைத்த ஒவ்வொரு எண்ணையும் இரண்டால் பெருக்கியிருக்க வேண்டும். யாரும் பெருக்கவில்லை. வரைபடத்தில் புள்ளிகள் ஒரே கோட்டில் அழகாக விழுந்தன. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. எந்த ஆய்வகத்திலும் நடக்கக்கூடியது. இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, திருத்திக்கொண்டால் போதும். திருத்திக்கொள்ள ஒரு முழு இரவு கிடைத்தது. அந்த இரவை நான் என்ன செய்தேன் என்பதுதான் வழக்கு.

எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் ஆராய்ச்சியை வைக்கும் மாநாடு நடக்கும். அந்த ஆண்டு அதைப் பன்னாட்டு மாநாடு என்று அறிவித்திருந்தோம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் திரையில் பேசுவார், அதனால் பன்னாடு. உண்மைக் காரணம் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில், உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டு மாநாட்டில் கட்டுரை வாசித்தால் 5 மதிப்பெண். தேசிய மாநாடென்றால் 3. மாநில அளவென்றால் 2. கட்டுரை எழுதியவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் முதல் பெயருக்கு 70 விழுக்காடு, மற்றவர்களுக்கு 30. இந்தப் பட்டியல் எங்களில் பலருக்கு மனப்பாடம். முனைவர் பட்ட மாணவர்களுக்கும் அப்போது ஒரு கட்டாயம் இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளிலாவது கட்டுரை வாசித்திருக்க வேண்டும். அந்தக் கட்டாயத்தை 2022இல் எடுத்தார்கள். ஆகவே எல்லாருக்கும் மாநாடு தேவைப்பட்டது. பையும் பேனாவும் சான்றிதழும் கொடுத்து, ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கட்டுரைத் தொகுப்பு அச்சிட்டு, நாங்கள் அதை நடத்தினோம்.

விதியின்மேல் பழிபோட இதைச் சொல்லவில்லை. அதே விதியின்கீழ் நேர்மையாக இருந்த ஆசிரியர்கள் எங்கள் துறையிலேயே இருந்தார்கள்.

மாணவியின் வேலையை நான் இரண்டாகப் பிரித்தேன். ஒரு கட்டுரை ஆசிரியர் அமர்வுக்கு. முதல் பெயர் என்னுடையது, அடுத்தது ஒரு சக ஆசிரியருடையது, அவள் பெயர் மூன்றாவது. இன்னொன்று மாணவர் அமர்வுக்கு, அவள் பெயரில். எண்கள் இரண்டிலும் அவையேதான். அப்போது பேராசிரியர் பதவி உயர்வுக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். பட்டியலைத் தடிப்பாக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசை. அவளிடம் கேட்கவில்லை. தகவலாகச் சொன்னேன். அவள் 'சரிங்க சார்' என்றாள். வேறு என்ன சொல்வாள்? அவளுடைய புராஜெக்ட் மதிப்பெண் என் கையில் இருந்தது.

பத்திரிகைச் செய்திக் குறிப்பையும் நானே எழுதினேன். அவள் ஊரின் முக்கியமான போரில் புளோரைடு 0.9, அதாவது வரம்புக்குள் இருக்கிறது என்று அதில் எழுதினேன். ஊர்ப் பெயரையும் போட்டேன். அந்த ஊர் மாணவியே அளந்து கண்டுபிடித்தாள் என்றும் சேர்த்தேன். செய்தி எடுபடும் என்று தோன்றியது.

மாநாட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் என் அறைக்கு வந்தாள். கையில் ரெக்கார்டு நோட்டு. சோடியம் புளோரைடைப் புதிதாக எடைபோட்டு, அளவு தெரிந்த ஒரு கரைசலைத் தானே தயாரித்து, ஊர்த் தண்ணீரைப் போலவே அதையும் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அப்படி ஓட்டச் சொல்லி நான் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்லவேண்டுமே என்று அவளாகச் செய்தது.

"சார், எல்லாம் பாதியாத்தான் காட்டுது. நாலு போட்டா ரெண்டு வருது. ரெண்டு போட்டா ஒண்ணு வருது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்டாண்டர்டு பாட்டில்கள் கண்முன் வந்தன. அவள் ஊர்ப் போரின் 0.9 உண்மையில் 1.8. வரம்புக்குள் இருப்பதல்ல, பொறுத்துக்கொள்ளும் எல்லையையும் தாண்டியது.

"ஸ்டாண்டர்டுல ஏற்கெனவே பஃபர் இருக்கா சார்?" என்று கேட்டாள். அவள் கேட்டது சந்தேகம்தான், குற்றச்சாட்டு அல்ல. நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "தொகுப்பு அச்சாகி வந்தாச்சும்மா. பேப்பருக்குச் செய்தியும் போயாச்சு. கான்ஃபரன்ஸ் முடியட்டும், உட்கார்ந்து பார்த்துக்கலாம். நீ இருக்கிறதைப் படிச்சிடு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். "ஊர்ல குடிக்கிறாங்க சார்" என்றாள்.

"ஒரு நாள்ல என்னம்மா ஆயிடப்போகுது?" என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு பத்திரிகைக்காரருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். எண் என்னிடம் இருந்தது. என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் சொல்லியிருக்கலாம். மேடையிலேயே 'இந்த எண்களை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், பிழை என்னுடையது' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் என் மரியாதை கூடியிருக்கும் என்பது இப்போது தெரிகிறது. அப்போது பயம் மட்டும்தான் தெரிந்தது. இத்தனை ஆண்டு அனுபவமுள்ளவன் முதலாண்டு மாணவன் செய்யும் தவறைச் செய்துவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள் என்ற பயம். அதைக் கண்டுபிடித்தது ஒரு மாணவி என்பது அதைவிட உறுத்தியது. இரண்டாவது பயமல்ல, அகந்தை.

மறுநாள் காலை ஆசிரியர் அமர்வில் என் கட்டுரையை வாசித்தேன். 0.9 என்று வாசித்தேன். நாக்குக் குழறவில்லை. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. துறைத் தலைவரை யார் கேட்பார்கள்? கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள்.

மதியம் மாணவர் அமர்வு. அங்கே கேள்வி கேட்பார்கள். மாணவர்களைக் கேட்கத் தயங்குவதில்லை. வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர், வயதில் சின்னவர், மிகவும் மரியாதையாக, "ஸ்டாண்டர்டுல பஃபர் எப்படிச் சேர்த்தீங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி. காலையில் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவள் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பதில் தெரியும். உண்மையைச் சொன்னால் காலையில் நான் வாசித்தது பொய்யென்று ஆகும். அதனால் என் சம்மதத்துக்காகக் காத்திருந்தாள். என்னைக் காப்பாற்றிக்கொண்டு நின்றாள். நான் குனிந்து கோப்பைப் புரட்டினேன். அமர்வுத் தலைவர், "கைடு இருக்காரே, அவரே சொல்லட்டும்" என்றார்.

எழுந்தேன். "ஸ்டூடண்ட் லெவல்ல பண்ணினது. சின்னப் பொண்ணு, ரெக்கார்டைச் சரியா எழுதலைன்னு நினைக்கிறேன். செக் பண்ணிச் சொல்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டுச் சிரித்தேன். சபையும் சிரித்தது. நல்லெண்ணச் சிரிப்புத்தான். அந்த நோட்டில் தேதி, வெப்பநிலை, எடை என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. எழுதாமல் விட்டவன் நான், பாட்டிலின் மேல். அவள் 'தேங்க்யூ' என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினாள். மேடையில் நான் வாசித்த எண் பொய் என்பது ஒரு குற்றம். இது அதைவிடப் பெரியது. உண்மையைக் கண்டுபிடித்தவளையே அந்தப் பொய்க்குச் சொந்தக்காரி ஆக்கினேன்.

வகுப்பில் ஆண்டுதோறும் நான் ஒரு கதை சொல்வேன். 1935 ஜனவரி 11, லண்டன், ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் போன சுப்பிரமணியன் சந்திரசேகர், 24 வயது, ஒரு வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று கணக்கோடு சொன்னார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று முன்பே அறிந்திருந்த எடிங்டன், அடுத்துப் பேச எழுந்து அதைக் கேலி செய்தார். சபை சிரித்தது. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது. கதையை முடிக்கும்போது, பெரியவர்கள் சிரித்தால் நீங்கள் கலங்கக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்வேன். சொல்லும்போது நான் எப்போதும் சந்திரசேகர் பக்கம். என் மாணவியும் அந்தக் கதையை என் வாயால் கேட்டவள்.

எடிங்டனோடு என்னை ஒப்பிடவும் எனக்குத் தகுதி இல்லை. அவர் சொன்னது தவறு. ஆனால் அதை அவர் நம்பினார். நான் நம்பவில்லை.

செய்தி மறுநாள் வந்தது. ஊர்ப் பெயரோடு வந்தது. ஒகேனக்கல் தண்ணீரை இன்னும் கூடுதலாக விடச்சொல்லி அந்த ஊர்ப் பெண்கள் மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அடுத்தமுறை அவர்கள் மனுவோடு அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்தவர்கள் செய்தித்தாள் துண்டை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். "உங்க ஊர்ப் பொண்ணே நல்ல தண்ணின்னு சொல்லியிருக்கே." பெண்கள் அவள் அம்மாவிடம் வந்து நியாயம் கேட்டிருக்கிறார்கள். அவள் வீட்டிலும் அந்தப் போர்த் தண்ணீர்தான். தன் பெயரைச் சொல்லித் தன் ஊருக்குத் தண்ணீரை மறுத்தார்கள் என்பதை அவள் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வந்தபோது, கேட்டதற்குச் சொன்னாள்.

ஒரு கோடைக்காலம் அந்தத் தண்ணீரைக் கூடுதலாகக் குடித்ததால் எந்தக் குழந்தையின் பல்லில் எவ்வளவு கறை ஏறியது என்று அளக்க வழியில்லை. அளக்க முடியாது என்ற வசதிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளக் கூடாது. அளக்க முடியாததால் இழப்பு இல்லை என்று ஆகாது. இதை நான் வகுப்பிலேயே கற்பித்திருக்கிறேன்.

அவள் தன் எம்.எஸ்சி. ஆய்வேட்டில் சரியான எண்களைப் போட்டாள். 1.8 என்று போட்டாள். ஸ்டாண்டர்டில் என்ன நடந்தது என்று ஒரு பத்தியும் எழுதியிருந்தாள். என் பெயரை அதில் சொல்லவில்லை. அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டாள். ஆய்வேடு துறை அலமாரியில் இருக்கிறது. யாரும் எடுத்துப் படிப்பதில்லை. தவறான எண்களுள்ள தொகுப்பு ஐ.எஸ்.பி.என். எண்ணோடு பல கல்லூரி நூலகங்களுக்குப் போனது.

முனைவர் பட்டத்துக்கு என்னிடம் சேர்வதாக முன்பு பேச்சு. பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். ஓசூரில் ஒரு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலைக்குப் போனாள். நல்ல வேலைதான் என்று மற்றவர்களிடம் சொல்லி வந்தேன். தானே ஒரு கரைசல் தயாரித்து, தன் எண்களைத் தானே சோதித்துப் பார்க்கும் மாணவர் எங்கள் பணிக்காலத்தில் அபூர்வமாகத்தான் கிடைப்பார்கள். அப்படிக் கிடைத்த ஒருத்தியை ஆராய்ச்சியை விட்டே துரத்தினேன்.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பின்னால் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மாநாட்டின் மதிப்பெண் இல்லாமலும் கிடைத்திருக்கும்.

வெகு காலம் கழித்து அவளுக்குப் போன் செய்தேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். "பரவால்ல சார், விடுங்க" என்றாள். நான் நிம்மதியடையப் பார்த்தேன். உடனே, "எங்க ஊர் ஆபீஸுக்கு ஒரு லெட்டர் குடுத்துட்டீங்களா சார்?" என்று கேட்டாள். கொடுக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு எழுதத் தோன்றவில்லை. அதற்குப் பிறகுதான் எழுதினேன். ஒப்புகைச் சீட்டு வந்தது. வேறு பதில் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை.

இப்போது இதை எழுதுவதையும் தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். பதவி உயர்வின் நிலுவைத் தொகையை வாங்கியாயிற்று. ஓய்வூதியம் வருகிறது. இந்த ஒப்புதலால் நான் இழக்கப்போவது ஒன்றுமில்லை. இழக்க வேண்டியிருந்த நாளில் வாய் திறக்கவில்லை. தீர்ப்புச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மாநாட்டுத் தொகுப்பில் பின்னர் ஒரு திருத்தச் சீட்டைச் செருகினோம். கையிருப்பில் மிஞ்சிய பிரதிகளில் மட்டும். கணக்கீட்டில் சிறு பிழை நேர்ந்துவிட்டது, அட்டவணையிலுள்ள அளவுகளை இரு மடங்காகக் கொள்ளவும் என்று அதில் இருந்தது. எழுதியவன் நான். யார் செய்த பிழை என்று அதில் இல்லை. யார் கண்டுபிடித்தார் என்றும் இல்லை. அந்தச் சீட்டில் இருந்திருக்க வேண்டியது இது:

ஸ்டாண்டர்டு கரைசல்களைத் தயாரித்தவன் நான். அவற்றில் பஃபர் சேர்த்திருப்பதை எழுதாமல் விட்டவனும் நான். மாநாட்டுக்கு முதல் நாளே பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மாணவி. சொன்னபிறகும் அந்த எண்களை மேடையில் வாசித்தேன், அவரையும் வாசிக்க வைத்தேன், சபையில் பழியை அவர்மேல் போட்டேன். அவர் ரெக்கார்டில் பிழை எதுவும் இல்லை. அந்தப் போர்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததல்ல.